அண்ணாச்சியின் வெள்ளைக் குட்டி

“வெளிச்சத்துல வச்சுப் பாத்தா எல்லாம் வெள்ளதான் தங்கச்சி” என்பார் அண்ணாச்சி. சொல்லும்போதே கையில் இருக்கும் பொருளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிடுவார். தேங்காயோ தீப்பெட்டியோ, உள்ளங்கையில் நிறுத்தி, கட்டை விரலால் மெல்லத் தள்ளி, முழுச் சுற்றும் முடிந்த பிறகுதான் கீழே வைப்பார்.

ராஜபாளையத்தில் என் தையல் கடைக்கு நேர் எதிர் வீடு அவருடையது. இப்போது அந்த வீடு பேண்டேஜ் துணி அடுக்கி வைக்கிற குடோன். அண்ணாச்சியும் மதினியும் மகள் இருக்கிற பக்கமே போய்விட்டார்கள். அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், “இனிஷியல் சரியாப் போட்டிருக்கியளா, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒருதடவ பாத்தியளா” என்று அங்கிருந்து போன் வரும்.

அவருக்கு ஒரு நூற்பாலையில் வேலை. பேக்கிங் பகுதியில் கோன் பார்ப்பது. நூல் சுற்றிய கோன்களை ஓர் இருட்டறையில் ஊதா விளக்குக்கு அடியில் வைத்துப் பார்ப்பார்கள். வெளியே வைத்துப் பார்த்தால் அத்தனையும் ஒரே வெள்ளை. அந்த விளக்கில் வைத்தால், வேறு ரக நூல் கலந்துவிட்ட கோனில் மட்டும் ஒரு வளையம் நிறம் மாறித் தெரியும். அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட வேண்டும். இள வயதிலிருந்து அண்ணாச்சி செய்தது இந்த ஒரு வேலைதான். கலந்ததைக் கண்டுபிடிப்பது, ஓரமாக வைப்பது. அந்த வேலை மில் கேட்டோடு நிற்கவில்லை. ஷிப்ட் முடிந்ததும் அவரோடு பஸ் ஏறி வீட்டுக்கும் வந்துவிட்டது.

சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். மாதத்துக்கு ஒருமுறையாவது போவார். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பஸ்ஸில் ஊர்ப் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். அதைப் படித்துவிட்டு டிரைவரைக் கேட்பார், கண்டக்டரைக் கேட்பார், பக்கத்துச் சீட்டுக்காரரையும் கேட்பார். ஒருநாள் கண்டக்டர் ஒருவர் விளையாட்டாக, “நேத்துப் போச்சு அண்ணாச்சி. இன்னைக்கும் போகும்னுதான் நெனைக்கேன்” என்றாராம். அந்த ‘நெனைக்கேன்’ இவரை இறக்கி விட்டுவிட்டது. அடுத்த பஸ்ஸுக்கு நின்றிருக்கிறார்.

திரும்பும்போது பால்கோவா வாங்கி வருவார். கடையிலேயே டப்பாவைத் திறந்து கொஞ்சம் வாயில் போட்டுப் பார்ப்பார். பஸ்ஸில் ஒரு விள்ளல், பக்கத்தில் இருப்பவருக்கும் ஒரு விள்ளல். இறங்கியதும் நேரே என் கடை.

“தங்கச்சி, செத்த வாயில போட்டுப் பாருங்க. மாவு சேத்திருக்கானா?”

“நல்லாருக்கு அண்ணாச்சி.”

“நல்லாருக்கான்னு கேக்கல. மாவு சேத்திருக்கானா?”

நான் மறுபடி வாயில் போட வேண்டும். என் கடையில் துணி கொடுக்க வந்தவர்களும் போட வேண்டும். சோதனை முடிந்து டப்பா வீட்டுக்குப் போகும்போது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் மிஞ்சும். மதினி அதைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டி, “சுத்தமான பால்கோவா. ஒரு கலப்பும் இல்ல” என்பாள்.

அவர் மனைவியை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். தெலுங்கு பேசுகிற வீட்டுப் பெண். அண்ணாச்சி வீட்டில் தமிழ். இரண்டு பேரும் எப்படிச் சேர்ந்தார்கள் என்பது தனிக்கதை. அந்தக் கதையை மதினி நன்றாகச் சொல்வாள், அண்ணாச்சி ஒவ்வொரு வரிக்கும் திருத்தம் சொல்வார், கதை முடியவே முடியாது.

மகளுக்குச் சேத்தூரில் மாப்பிள்ளை பார்த்தார்கள். பட்டாளத்தில் ஹவில்தார். அண்ணாச்சி விசாரிக்கக் கிளம்பினார். டீக்கடை, முடிவெட்டுகிற கடை, மாப்பிள்ளை படித்த பள்ளிக்கூடம், அவர் குடும்பம் அரிசி அரைக்கிற மில், ஒன்றையும் விடவில்லை. சாயங்காலம் திரும்பி வந்து என் கடை ஸ்டூலில் உட்கார்ந்தவர் முகம் வாடிக் கிடந்தது.

“என்ன அண்ணாச்சி, எதுவும் தப்பாச் சொன்னாங்களா?”

“ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல தங்கச்சி. அம்புட்டுப் பேரும் தங்கமான பையன்னு சொல்லுதாக. அதான் பயமா இருக்கு.”

கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை தங்கமாகத்தான் இருந்தார். அண்ணாச்சிக்கு அந்தப் பயம் மட்டும் போகவில்லை. மாப்பிள்ளை அதிகம் பேச மாட்டார். மாமனாரிடம் எதுவும் கேட்டதில்லை, தீபாவளிக்குக்கூட ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டவர். அப்படிப்பட்டவர் ஒருநாள் வடக்கே இருந்து போன் பண்ணி ஒன்று கேட்டார்.

“மாமா, நம்ம ஊர்ல ஒரிஜினல் ராஜபாளையம் குட்டி ஒண்ணு கெடைக்குமா? எங்க ஆபீசர் பண்ணை வீட்டுக்குக் காவலுக்கு வேணுமாம். என்கிட்டதான் சொல்லிருக்காரு. ஆடிப்பூரத் தேருக்கு லீவுல வாரேன், வந்து கூட்டிட்டுப் போறேன்.”

“ஒரிஜினலாவே புடிச்சிருவோம் மாப்ள” என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டார். போனை வைத்த மறுநிமிஷம் என் கடை வாசலில் நின்றார்.

“ஒரிஜினல்னு சொல்லிட்டேன் தங்கச்சி. எப்படிக் கண்டுபிடிக்கது?”

எங்கள் ஊர்ப் பெயரைச் சுமக்கிற நாயைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உடம்பு முழுக்க வெள்ளை. மூக்கு ரோஜா நிறம். ஒட்டிய வயிறு, இறங்கிய நெஞ்சு, நீண்ட கால். அந்த இனத்தில் சில குட்டிகள் பிறக்கும்போதே காது கேட்காமல் பிறக்கும். எல்லாமும் அப்படி இல்லை. ஆனால் ஊரில் சிலர் அதையே முத்திரையாக்கி வைத்திருந்தார்கள். காது கேட்கவில்லையா, ஒரிஜினல். கேட்டால், யோசிக்க வேண்டியதுதான்.

குட்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் கிடைத்தது. மில்லில் கூட வேலை பார்ப்பவருக்குத் தெரிந்த குடும்பம், வீட்டைக் காலி செய்து சென்னைக்குப் போகிறார்கள். தாய் நாயை மட்டும் கூட்டிப் போகிறோம், குட்டியை நல்ல இடத்தில் விட வேண்டும் என்று கொடுத்துவிட்டார்கள். வயர் கூடையில் துண்டு விரித்துப் படுக்க வைத்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். என் கடையில் கூடையைத் திறந்தார். வெட்டிப் போட்ட வெள்ளை மல் துணிக்கு நடுவே விட்டால் எது துணி எது குட்டி என்று தெரியாது, அப்படி ஒரு வெள்ளை.

“நம்ம ஒரிஜினலுக்கு என்ன பேரு வைக்கப் போறிய?” என்றேன்.

“அதுக்குள்ள என்ன பேரு? ஒரிஜினல்னு தெரியட்டும், அதுக்குத் தக்கன வைப்போம். கலப்புன்னா மணின்னு வச்சுக்கிடலாம்.”

அதனால் குட்டிக்குப் பெயர் இல்லை. அண்ணாச்சி “ஏலே” என்று கூப்பிட்டார். மதினி “ரா ரா” என்று தெலுங்கில் கூப்பிட்டாள். எதற்கும் அது திரும்பவில்லை. “நீ தெலுங்குல கூப்பிட்டா அது எப்படித் திரும்பும்?” என்று அண்ணாச்சி கோபித்துக்கொண்டார். “நீங்க தமிழ்ல கூப்பிட்டு எம்புட்டுத் திரும்பிச்சு?” என்றாள் மதினி.

இரண்டாம் நாள் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அடிவயிற்றை உள்ளங்கையில் ஏந்தி, கட்டை விரலால் முகத்தை என் பக்கம் திருப்பினார்.

“மூக்குல ஒரு கறுப்புப் புள்ளி தங்கச்சி. பாருங்க. புள்ளியா, அழுக்கா?”

ஒரு வெட்டுத்துணியை நனைத்துத் துடைத்தேன். போய்விட்டது. என் தையல் மெஷின் எண்ணெய்தான். முந்தின நாள் மெஷினுக்கு அடியில் மூக்கை விட்டிருந்தது. அண்ணாச்சி பெருமூச்சு விட்டு, வெளிச்சத்தில் காட்டி, மறுபடி ஒரு சுற்றுச் சுற்றினார். சுற்று முடிகிற இடத்தில் அவர் விரல் நின்றது. இடது காது ஓரத்தில் பால் பிஸ்கட் நிறத்தில் ஒரு மங்கல்.

“இது?”

துடைத்தேன். போகவில்லை.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் குட்டியோடு பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் அந்த வீட்டில் விசாரித்தார். வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் வாசல் கூட்டிக்கொண்டே சொன்னாளாம், “தாய் நல்ல வெள்ளை. தகப்பன் யாருன்னு அந்தத் தாயைத்தான் கேக்கணும், அது நேத்தே லாரியில ஏறிப் போயிருச்சே!” அங்கிருந்த கால்நடை டாக்டரிடமும் குட்டியைக் காட்டினார். டாக்டர் பார்த்துவிட்டு, நாய் ஆரோக்கியமாக இருக்கிறது, புழு மருந்து கொடுங்கள் என்றார். “அது சரி டாக்டர், சுத்தமான ஜாதியா?” என்று இவர் கேட்க, “ஏன், சம்பந்தம் பேசப் போறீங்களா?” என்று அவர் சிரித்தாராம். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று அண்ணாச்சி என்னிடம் இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் செய்ததுதான் ஊரெல்லாம் பேச்சானது. அவருக்குத் தெரிந்த ஒரே சோதனை அந்த ஊதா விளக்குதான். குட்டியை வயர் கூடையில் வைத்துத் துண்டு போட்டு மூடி, காலை ஷிப்டுக்கு மில்லுக்கே கொண்டுபோய்விட்டார். உள்ளே போகும்போது பையைப் பார்க்க மாட்டார்கள். இருட்டறையில் கோன் வைக்கிற இடத்தில் குட்டியை வைத்தார். பேக்கிங் பெண்கள் கூடிவிட்டார்கள். குட்டியின் முதுகு நீல வெள்ளையாகப் பளீரென்று ஜொலித்தது. வயிறு மங்கல். கழுத்தைச் சுற்றி ஒரு வளையம், சரியாகக் கலப்பு கோனில் தெரிகிற மாதிரி.

அண்ணாச்சி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“ரெண்டு ரகம் கலந்திருக்கு” என்று அவர் முனகியது எல்லாருக்கும் கேட்டது.

பேக்கிங் பெண் ஒருத்தி குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, இதுக்கு என்ன சோப்பு போட்டிய?” என்றாள். துணிக்குப் போடுகிற சோப்பு வாசம். வெள்ளைத் துணி பளிச்சென்று இருக்கச் சோப்பில் சேர்க்கிற சமாச்சாரம் அந்த விளக்கில் ஜொலிக்கும், அது அங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான். அண்ணாச்சிக்கும் தெரியும். அந்த நேரத்தில் மறந்துவிட்டது.

வெளியே வரும்போதுதான் பையைச் சோதிப்பார்கள். கேட்டில் செக்யூரிட்டி துண்டை விலக்கிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, இது நம்ம மில்லுச் சரக்கா, வெளிச் சரக்கா?” என்றாராம். “அது தெரியாமத்தான தம்பி அலையுதேன்” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் மதினியிடம் சத்தம் போட்டார். என் கடை வரை கேட்டது.

“வயித்துக்கு ஏன் சோப்பு போடல?”

“அது மல்லாக்கப் படுத்தாத்தான போடுவேன்?”

“கழுத்துல வளையம் தெரியுது!”

“தெரியட்டும்! எங்க வீட்டுல தெலுங்கு, உங்க வீட்டுல தமிழ். நம்ம மக ரெண்டையும் கலந்துதான் பேசுதா. அவளத் தூக்கி ஓரமா வச்சுட்டியளா?”

அண்ணாச்சி கொஞ்ச நேரம் கழித்து என் கடைக்கு வந்து, “அவ சொல்லுதது வேற, நான் கேக்குதது வேற. என்ன தங்கச்சி?” என்றார். நான் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

நிறத்தில் முடிவு தெரியாததால் காதுக்கு வந்தார். குட்டி அவர்கள் வீட்டு முன்வாசலில் கிடந்த பழைய மரப் பெஞ்சில் படுத்திருக்கும். முன்னால் தெருவைப் பார்த்து அது கிடக்கும்போது, அண்ணாச்சி பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டார். தெருவே திரும்பியது. என் மெஷின் நின்றது. மூன்று வீடு தள்ளி யாரோ “யாருலே அது?” என்று கத்தினார்கள். குட்டி வாலைக்கூட அசைக்கவில்லை.

தெருமுனை மளிகைக் கடைக்கார பாய் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். “காது கேக்கலயா? அப்ப ஒரிஜினல்தான் அண்ணாச்சி. சந்தேகமே வேண்டாம்.”

சந்தேகமே வேண்டாம் என்று யாராவது சொன்னால் அன்றைக்கு முழுவதும் அவருக்குச் சந்தேகமாகவே இருக்கும். ஆனால் அன்று அவர் முகத்தில் இருந்தது வேறு. சிரிக்கவும் ஆரம்பித்தார், பாதியில் நிறுத்தியும்விட்டார். எங்கள் தெருவைத் தாண்டினால் மில்லுக்குப் போகிற ரோடு. பஞ்சு லாரியும் டவுன் பஸ்ஸும் ஓயாமல் ஓடும். குட்டியோ வாசல் திறந்திருந்தால் ரோட்டுக்குத்தான் ஓடும்.

அதன் பிறகு அவர் பாடு சொல்லி முடியாது. குட்டி காதை லேசாக ஆட்டினால், ‘ஐயோ, கேக்குதோ, கலப்போ’ என்று முகம் சுருங்கும். ஆட்டாமல் கிடந்தால், ‘ஐயோ, கேக்கலயே, லாரி வந்தா என்ன செய்யும்’ என்று முகம் சுருங்கும். எப்படி இருந்தாலும் அவருக்கு நஷ்டம். காலையில் அது வெளியே போகும்போது பின்னாலேயே போவார். லாரி வந்தால் ஓடிப்போய் முன்னால் நின்று இரண்டு கையையும் விரிப்பார். லாரிக்காரர்கள் திட்டுவார்கள். “எனக்குக் கேக்குது, அதுக்குத்தான் கேக்காது” என்று இவர் விளக்கம் சொல்வார்.

ஒருநாள் மழை தூறிக்கொண்டிருந்தது. குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு என் கடைக்குள் ஒதுங்கினார். அது அவர் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டே தூங்கிவிட்டது.

“தங்கச்சி, காவலுக்குத்தான கேக்காரு அந்த ஆபீசரு?”

“ஆமா.”

“சத்தமே கேக்காத நாய எத்தன நாளு வச்சிருப்பாரு? ஒரு நாளு, ரெண்டு நாளு. பொறவு வெரட்டி விட்டுருவாக. பாஷ தெரியாத ஊரு. குளிரு. ரோட்டுல நின்னா ஆர்ன் அடிப்பான், இது திரும்பாது...”

“அப்ப குடுக்காதிய” என்றேன்.

“மாப்ளகிட்ட வாக்குக் குடுத்துட்டேனே. அவரு இதுக்கு முன்ன என்னத்தக் கேட்டாரு? காது கேக்காதுன்னு சொன்னாலும், அப்ப சுத்த ஒரிஜினல்னு சந்தோஷமாத் தூக்கிட்டுப் போவாரு.”

குட்டியின் முதுகை ஒரு கையால் நீவிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“கலப்புன்னா வேண்டாம்னுருவாரு, இல்ல?”

தேருக்கு முந்தின வாரத்தில் அண்ணாச்சி எதைத் தேடி அலைந்தார் என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வாழ்நாளெல்லாம் கலப்பைப் பொறுக்கி எறிந்தவர், இப்போது தன் குட்டியிடம் எங்கேயாவது ஒரு கலப்பு கிடைக்காதா என்று தேடினார். காதோரத்துப் பிஸ்கட் நிறத்தைத் தினமும் வந்து காட்டி, “கூடியிருக்கா?” என்பார். கூடவில்லை, மங்கிக்கொண்டுதான் வந்தது. வால் கொஞ்சம் சுருளுவதாக அவருக்குத் தோன்றியது. எனக்குத் தோன்றவில்லை. ஒரு நாள் தயங்கித் தயங்கி, “உங்ககிட்ட கறுப்பு மார்க்கர் இருக்கா தங்கச்சி?” என்றார். துணியில் குறி போடுகிறதைக் கொடுத்தேன். மூக்கில் ஒரு புள்ளி வைத்தார். பார்த்து முடிப்பதற்குள் குட்டி நாக்கை நீட்டி நக்கி, வாயெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டது. உடனே பதறிப்போய் வாய்க்குள் விரலை விட்டுத் துடைத்து, “விஷமா இருக்குமோ?” என்று அதற்கும் ஒரு நாள் பயந்தார்.

மாப்பிள்ளை வந்த அன்று நான் மதினிக்குத் தைத்த ஜாக்கெட்டைக் கொடுக்கப் போயிருந்தேன். சேத்தூரிலிருந்து பைக்கில் மகளும் அவருமாக வந்தார்கள். மகள் உள்ளே போய்விட்டாள். குட்டி வழக்கம்போல மரப் பெஞ்சில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு தேங்காய் நாரைக் கடித்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை குனிந்து அதன் நெஞ்சைத் தடவினார், காலை நீட்டிப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார். அண்ணாச்சி குறுக்கே வந்தார்.

“கலப்பு மாப்ள. என்ன ஏமாத்திட்டாங்க. காதப் பாருங்க, செவலை அடிக்குது.”

“இது குட்டியில இருக்கும் மாமா. வளர வளரப் போயிரும்.”

“வாலு சுருளுது.”

“எங்க சுருளுது? வாள் மாதிரி இருக்கு. நெஞ்சு எறக்கம் பாருங்க. மாமா, இது நல்ல ஒரிஜினல் மாமா.”

வேறொரு நாளாக இருந்தால் அந்த ஒரு சொல்லுக்கு அண்ணாச்சி தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்திருப்பார். அன்று அவசரமாகக் கையை ஆட்டி மறுத்தார்.

“இல்ல மாப்ள, காது கேக்குது! நல்லாக் கேக்குது. சுத்த ஒரிஜினலுக்குக் கேக்காதுன்னு ஊர்ல எல்லாரும் சொல்லுதாகள்லா?”

மாப்பிள்ளை நிமிர்ந்தார். “கேக்குதா? எங்க, கூப்பிடுங்க பாப்போம்.”

அண்ணாச்சி குட்டியின் முதுகையே பார்த்தார். அவருக்குத் தெரியும், அது திரும்பாது. எனக்கும் தெரியும். உயிரையெல்லாம் குரலில் திரட்டி, “ஏலே!” என்றார்.

பெஞ்சின் அந்தப் பக்கம் காப்பித் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள் மதினி. முகம் காப்பியையே பார்த்துக்கொண்டிருந்தது. சேலைக் கரைக்குக் கீழே அவள் குதிகால் பெஞ்சின் காலில் டொக்கென்று ஒரு இடி இடித்தது. மரம் அதிர்ந்தது. குட்டி நாரை விட்டுவிட்டுச் சட்டென்று திரும்பி அண்ணாச்சியைப் பார்த்தது.

அதைப் பார்த்தது நான் ஒருத்திதான். மாப்பிள்ளை குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி குட்டியைப் பார்த்த பார்வை வேறு எதையும் பார்க்கிற பார்வையாக இல்லை.

“ஆமா மாமா, கேக்குது” என்றார் மாப்பிள்ளை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப கலப்புதான் போல. ஆபீசர்கிட்ட கெடைக்கலன்னு சொல்லிருதேன்” என்றார். காப்பியைக் குடித்தார்.

கிளம்பும்போது பைக்கைத் திருப்பி, மகள் ஏறி உட்கார்ந்ததும், வாசலுக்கு நேராக நின்று நீளமாக ஒரு ஆர்ன் அடித்தார். குட்டி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தது. காது மடல்கூட அசையவில்லை. மாப்பிள்ளை குட்டியைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார்.

“மாமா, நாயைக் கட்டிப் போட்டு வளருங்க. ரோட்டுல வண்டி ஜாஸ்தி வருது.”

போய்விட்டார். அண்ணாச்சி வெகுநேரம் தெருவிலேயே நின்றார். திரும்பி வந்தவர் நேரே மதினியிடம் கேட்டார்.

“நான் கூப்பிட்டதும் திரும்புச்சே. ஆர்னுக்கு ஏன் திரும்பல?”

மதினி தம்ளரைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

“உங்க சத்தம் மட்டும் அதுக்குக் கேக்குதோ என்னவோ.”

இப்போது தட்டை எடுத்துவந்து போடுவார், பின்னால் நின்று கூப்பிடுவார், என்னையும் கூப்பிடச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் ஒன்றும் செய்யவில்லை. “இருக்கும்” என்றார். நான் அவரை அறிந்த காலம் முழுவதிலும் அவர் வாயிலிருந்து ‘இருக்கும்’ என்ற சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன்.

அதோடு ஒரிஜினலா, கலப்பா என்ற பேச்சை அவர் விட்டுவிட்டார். குட்டிக்கு ஏலே என்பதே பெயராக நின்றது. ஆனால் மதினிக்கு வேலை கூடிப்போனது. அண்ணாச்சி ஷிப்ட் முடிந்து தெருமுனையில் திரும்பும்போதே “ஏலே!” என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார். அந்த நேரத்துக்கு மதினி பெஞ்சுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அடுப்பில் பால் பொங்கினாலும் ஓடி வருவாள். ஓவர்டைம் என்றால் எப்போது வருவார் என்று தெரியாமல் பூண்டையும் வெங்காயத்தையும் பெஞ்சுக்கு அடியிலேயே கொண்டுவந்து உரித்துக்கொண்டிருப்பாள்.

“ஒரு சொல்லு சொல்லிட்டு நான் படுத பாடு இருக்கே” என்பாள் என்னிடம். “ஒருநாள் திரும்பாமப் போச்சுன்னா மனுசன் அன்னைக்கே ஒடைஞ்சு போவாரு ஏட்டி. ஒரு விசேஷ வீட்டுக்கு நிம்மதியாப் போக முடியல.”

ஒரு சாயங்காலம் அளவு கொடுக்க என் கடைக்கு வந்திருந்தாள். அண்ணாச்சிக்கு அன்று மத்தியான ஷிப்ட், வர ராத்திரியாகும் என்று நினைத்திருந்தோம். தோளைச் சுற்றி அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், தெருமுனையில் “ஏலே!” என்று சத்தம். ஷிப்டைப் பாதியிலேயே முடித்து அனுப்பிவிட்டிருக்கிறார்கள்.

மதினியின் உடம்பு தூக்கிப் போட்டது எனக்கு நாடாவில் தெரிந்தது. இரண்டு பேரும் எதிர்வீட்டைப் பார்த்தோம். கதவு விரியத் திறந்து கிடந்தது. வீட்டில் ஒருவரும் இல்லை. அண்ணாச்சி இன்னும் நாலைந்து வீடு தள்ளித்தான் வந்துகொண்டிருந்தார்.

பெஞ்சில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஏலே தலையைத் தூக்கியது. திரும்பியது. எழுந்து நின்று தெருமுனையைப் பார்த்து வாலை ஆட்டியது.

அண்ணாச்சி சிரித்துக்கொண்டே வந்துகொண்டிருந்தார். அவருக்கு இது தினமும் நடக்கிறதுதான். மதினி என் கையை இறுக்கிப் பிடித்தாள். நகம் பதிந்தது.

“பெஞ்ச யாரு ஏட்டி தட்டுனா?”

“யாரும் தட்டல மதினி.”

“அப்ப கேக்குதா?” என்றாள். அவள் முகம் போன போக்கை நான் அதுவரை அண்ணாச்சியிடம்தான் பார்த்திருக்கிறேன். “கேக்குதுன்னா... அப்ப கலப்போ?”

கழுத்தில் என் அளவு நாடா தொங்கத் தொங்க, செருப்பைக்கூட மாட்டாமல் தெருவைத் தாண்டி ஓடினாள்.